கவனம், கற்றல், மனம்: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

மதிப்பெண் அட்டை கைக்கு வந்த வாரத்தில் எழுதப்பட்ட கடிதங்களே இம்முறை மிகுதி. எழுதியவர்களின் பெயர்களை நீக்கி ஊரை மட்டும் வைத்திருக்கிறோம். ஒரே செய்தியைக் கேட்ட கடிதங்கள் ஒன்றாக்கப்பட்டுள்ளன.

கேள்வி (பல்லடத்திலிருந்து ஒரு தாய்): என் மகனுக்கு எட்டு வயது, ஆங்கில வழியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். வகுப்பில் ஓர் இடத்தில் உட்காருவதில்லை, ஆசிரியர் கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொல்கிறான், பக்கத்துப் பையனின் நோட்டைப் பிடுங்குகிறான் என்று அடிக்கடி பள்ளியிலிருந்து அழைப்பு வருகிறது. தண்ணீர் பாட்டிலோ ரப்பரோ தொலையாத வாரமே இல்லை. ஆனால் கைப்பேசியைக் கொடுத்தால் இரண்டு மணி நேரம் அசையாமல் இருக்கிறான். அப்படியிருக்க, இவனுக்குக் கவனக்குறைவு என்று எப்படிச் சொல்ல முடியும்? அவனுடைய அப்பாரு (தாத்தா), “அவங்கப்பனும் இப்படித்தான் துள்ளீட்டுத் திரிஞ்சான், தானாச் செரியாப் போயிரும்” என்கிறார். வீட்டை ஒட்டியே எங்கள் தறிக்கூடம் இருக்கிறது. இரவு ஷிப்டும் ஓடும்.

பதில்: கைப்பேசியிலிருந்தே தொடங்குகிறேன், இந்த ஐயம் எனக்கு வரும் கடிதங்களில் பாதியில் இருக்கிறது. ஏடிஎச்டி என்று மருத்துவர்கள் சுருக்கமாகச் சொல்லும் கவனக்குறைவு மற்றும் மிகை இயக்கக் குறைபாடு உள்ள குழந்தைக்குக் கவனமே கிடையாது என்பதில்லை. கவனத்தை வேண்டிய இடத்தில் நிறுத்தி வைப்பதும், இழுக்கும் இடத்திலிருந்து திருப்பி எடுப்பதும்தான் அவனுக்குக் கடினம். கைப்பேசி விளையாட்டில் சில நொடிக்கு ஒருமுறை ஒரு சத்தம், ஒரு வெளிச்சம், ஒரு புள்ளி என்று ஏதாவது கிடைத்துக்கொண்டே இருக்கிறது. அங்கே அவன் முயன்று கவனம் செலுத்த வேண்டிய தேவையே எழுவதில்லை. பன்னிரண்டாம் வாய்ப்பாட்டை எழுதும்போது அப்படி எதுவும் கிடைப்பதில்லை. ஆகவே கைப்பேசியில் லயித்திருப்பது இந்தக் குறைபாடு இல்லை என்பதற்குச் சான்றாகாது. இருக்கிறது என்பதற்கும் சான்றாகாது.

எப்போது முதல், எந்தெந்த இடத்தில், எவ்வளவு இடைஞ்சல் என்ற மூன்றையும் கேட்டுத்தான் இதை முடிவு செய்ய வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோயறியும் கையேட்டின் ஐந்தாம் பதிப்பின்படி, கவனம் தொடர்பான 9 அறிகுறிகளிலோ, துறுதுறுப்பும் யோசிக்காமல் சட்டென்று செய்வதும் தொடர்பான 9 அறிகுறிகளிலோ குறைந்தது 6 இருக்க வேண்டும். அவை 6 மாதமாவது நீடித்திருக்க வேண்டும். அவற்றில் சில 12 வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும். பள்ளியில் மட்டும், அல்லது வீட்டில் மட்டும் என்றில்லாமல் இரண்டு இடங்களிலாவது காணப்பட வேண்டும். படிப்பையோ பழக்கத்தையோ அவை உண்மையில் கெடுத்துக்கொண்டிருக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் பள்ளியைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறீர்கள். கல்யாண வீட்டில், பேருந்தில், அம்மிச்சி (அம்மாவின் அம்மா) ஊரில் அவன் எப்படி இருக்கிறான் என்பதை மருத்துவரிடம் போகும் முன் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குறிப்பிட்ட ஆசிரியரின் வகுப்பில் மட்டும் இந்தத் தொல்லை என்றால், தேட வேண்டிய காரணம் வேறாக இருக்கலாம்.

அப்பாரு சொன்னதில் பாதி உண்மை. இது குடும்பவழியில் வலுவாகத் தொடரும் குறைபாடு என்று இரட்டைக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தகப்பனும் இப்படி இருந்தார் என்பது மருத்துவர் குறித்துக்கொள்ள வேண்டிய தகவல். ‘தானாகச் சரியாகும்’ என்பதுதான் இடிக்கிறது. வயது ஏற ஏறத் துள்ளலும் ஓட்டமும் பெரும்பாலும் அடங்கும், ஆனால் மறதியும் வேலையைப் பாதியில் விடுவதும் பலருக்கு நடுவயது வரை கூடவே வருகின்றன. உங்கள் கணவர் பாவு நூல் வந்த கணக்கை மூன்று இடத்தில் எழுதி மூன்றையும் தொலைப்பவரா என்று சிரித்துக்கொண்டே ஒருமுறை கேட்டுப் பாருங்கள். இது கைப்பேசியோடு வந்த புது வியாதி என்று ஊரில் பேசிக்கொள்வதும் சரியல்ல. ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் 1902-ஆம் ஆண்டிலேயே லண்டனில் நிகழ்த்திய சொற்பொழிவுகளில் இத்தகைய குழந்தைகளைப் பற்றிப் பேசியிருக்கிறார். உலகளாவிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் குழந்தைகளில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பேரிடம் இது இருக்கிறது. அப்படியானால் நாற்பது பேர் உள்ள வகுப்பில் இருவர் இருக்கக்கூடும். அவர்களில் ஒருத்தி யாருக்கும் தொல்லை தராமல் சன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண் குழந்தையாக இருந்தால், அவளைப் பற்றி எந்தப் பள்ளியிலிருந்தும் அழைப்பு வராது.

பெயர் சூட்டுவதற்கு முன் விலக்க வேண்டியவை சில உண்டு. கண்ணையும் காதையும் கட்டாயம் சோதித்துவிடுங்கள். அடிக்கடி சளி பிடித்துக் காதுக்குள் நீர் கோத்திருக்கும் குழந்தை, கூப்பிட்டால் திரும்பாத குழந்தையாகத்தான் தெரியும். இரத்தசோகையும் தைராய்டு கோளாறும் கவனத்தைச் சிதறடிக்கும். பேசிக்கொண்டிருக்கும்போதே சில நொடிகள் வெறித்துப் பார்த்து, கூப்பிட்டாலும் உணராமல், பிறகு ஒன்றும் நடவாதது போலத் தொடர்கிறானா என்று பாருங்கள். அது ஒருவகை வலிப்பாக இருக்கக்கூடும், அதற்கான மருத்துவம் வேறு. உங்கள் வீட்டைப் பொறுத்தவரை நான் முதலில் பார்க்கச் சொல்வது தூக்கத்தைத்தான். 6 முதல் 12 வயது வரையிலான குழந்தைக்கு ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். இரவு ஷிப்டுத் தறியின் சத்தத்துக்குப் பெரியவர்களுக்குக் காது பழகிவிட்டது என்பதால் குழந்தையின் உறக்கத்துக்கும் பழகிவிட்டது என்று எண்ணிவிட வேண்டாம். தறிக்கூடத்துச் சுவரை ஒட்டாத அறையில் ஒரு மாதம் அவனைப் படுக்க வைத்துவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள். இனிப்பை நிறுத்தினால் அடங்குவான் என்று யாரேனும் சொல்லியிருப்பார்கள். சர்க்கரை குழந்தைகளின் நடத்தையை மாற்றுவதில்லை என்பது 1995-இல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பிலேயே தெரிந்துவிட்டது. பல்லுக்காகக் குறைக்கலாம், துள்ளலுக்காகக் குறைத்துப் பயனில்லை.

வீட்டில் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. பள்ளி விட்டு வந்ததும் “கை கால் கழுவிட்டு, யூனிபார்மை மாத்திட்டு, டிபன் பாக்ஸை எடுத்துப் போட்டுட்டு நோட்டை எடு” என்று அடுப்படியில் இருந்தபடியே நான்கு வேலையை ஒரே மூச்சில் சொல்கிறோம். அவன் காதில் முதல் வேலையோ கடைசி வேலையோ மட்டும் நிற்கும். அருகில் போய், அவன் முகம் உங்கள் பக்கம் திரும்பிய பிறகு, ஒரு வேலையைச் சொல்லுங்கள். அது முடிந்ததும் “முடிச்சுட்டயா கண்ணு, நல்லது” என்று அங்கேயே பாராட்டிவிட்டு அடுத்ததைச் சொல்லுங்கள். வீட்டுப்பாடத்தைப் பத்து நிமிடத் துண்டுகளாக்கி, இடையில் எழுந்து ஓட விடுங்கள். முழுப் பரீட்சையில் முதல் ரேங்க் எடுத்தால் சைக்கிள் என்ற வாக்குறுதி இத்தகைய குழந்தையை எட்டவே எட்டாது. இன்று மாலை எழுதி முடித்தால் இன்று மாலையே கேரம் ஆட்டம் என்பது எட்டும்.

மதிப்பீட்டுக்குத் தனியாரிடம்தான் போக வேண்டும் என்றில்லை. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டத்தின் கீழ் இயங்கும் மாவட்ட இடையீட்டுச் சேவை மையம் எங்கே இருக்கிறது என்று அரசு மருத்துவமனையில் கேளுங்கள். பிறப்பு முதல் 18 வயது வரையிலான குழந்தைகளை அங்கே இலவசமாகப் பார்ப்பார்கள். ஆசிரியரிடமும் படிவம் நிரப்பி வாங்காமல், குழந்தையை ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு ஏடிஎச்டி என்றோ இல்லை என்றோ சொல்லிவிடும் மருத்துவர் எவராக இருந்தாலும், இன்னொருவரிடம் காட்டுங்கள்.

கேள்வி (காங்கேயம்): என் மகளுக்கு வல்லாரை மாத்திரை, மூளை டானிக், அபாகஸ் வகுப்பு மூன்றும் கொடுத்துப் பார்க்கிறோம். கவனம் கூடுமா?

பதில்: வல்லாரையைக் கீரையாகத் துவையல் அரைத்துக் கொடுங்கள், நல்லது, கவனக்குறைவுக்கோ கற்றல் குறைபாட்டுக்கோ இம்மூன்றும் மருத்துவம் அல்ல. அபாகஸ் வகுப்புக்குக் கட்டும் பணத்தில் முறையான மதிப்பீட்டையே முடித்துவிடலாம்.

கேள்வி (கொடுமுடிப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி): என் பேத்திக்குப் பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. என்னோடு மஞ்சள் மண்டிக்கு வந்தால் குவிண்டால் விலையையும் மூட்டைக் கணக்கையும் மனக்கணக்காகவே பெருக்கிச் சொல்லிவிடுவாள், தரகர்களே வியப்பார்கள். ஆனால் தமிழ்ப் பாடத்தில் ஒரு பத்தியைப் படிக்க அரை மணி நேரம் ஆகிறது. ‘கோடை’யைக் ‘கொடை’ என்கிறாள், எழுதும்போது புள்ளியை விட்டுவிடுகிறாள். ஆங்கிலம் அதைவிட மோசம். பள்ளியில் சோம்பேறி என்கிறார்கள். ஈரோட்டில் ஒரு மருத்துவர் கற்றல் குறைபாடு என்று சொல்லி, சான்றிதழ் வாங்கச் சொன்னார். பெண் பிள்ளைக்கு இப்படி ஓர் அட்டை வாங்கினால் நாளைக்குக் கல்யாணம் காட்சி என்று வரும்போது என்ன ஆகும் என்று வீட்டில் வெசனப்படுகிறார்கள்.

பதில்: ஐயா, உங்கள் கடிதம் 1896-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஒரு குறிப்பை நினைவுபடுத்துகிறது. பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவர் 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதியிருந்தார். அறிவுக் கூர்மை உள்ள பையன், கணக்கு நன்றாக வரும், எழுத்துகளைச் சேர்த்துப் படிக்க மட்டும் முடியவில்லை. பாடம் முழுவதையும் வாய்மொழியாகவே நடத்தினால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவனாகத்தான் இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதையும் அதில் பதிவு செய்திருந்தார். கற்றல் குறைபாடுகளில் ஒன்றான, டிஸ்லெக்சியா என்று இன்று அறியப்படும் வாசிப்புக் குறைபாடு இதுவே. அறிவுத்திறன் நன்றாக இருந்தும், பார்வையும் செவித்திறனும் சரியாக இருந்தும், முறையாகக் கற்பித்தும், எழுத்தையும் ஒலியையும் இணைக்கும் வேலை மட்டும் மூளைக்குச் சிரமமாக இருப்பது.

தமிழில் இது தெரியும் விதம் ஆங்கிலத்திலிருந்து சற்று வேறுபடும். நம் எழுத்து பெரும்பாலும் ஒலியை ஒட்டியே செல்வதால், இத்தகைய குழந்தை தப்பும் தவறுமாகப் படிப்பதைவிட மிக மெதுவாகப் படிப்பதே கண்ணில் படும். குறிலும் நெடிலும் மாறும். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் குழம்பும். ‘பட்டம்’ என்பது ‘படடம்’ ஆகும். முன்வரியில் சரியாகப் படித்த சொல்லையே அடுத்த வரியில் முதலெழுத்தை மட்டும் பார்த்து வேறு சொல்லாக ஊகிப்பார்கள். ணகர னகரமும், லகர ளகரமும் மாறுவதை மட்டும் வைத்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் நம் ஊர்ச் சுவரொட்டி எழுதுவோர் அனைவரையும் சேர்க்க வேண்டியிருக்கும். ஒரு சிறு சோதனையை வீட்டில் செய்து பார்க்கலாம். “‘மரம்’ என்ற சொல்லில் ‘ம’வை எடுத்துவிட்டால் மீதி என்ன?” என்று எழுதாமல் வாயாலேயே கேளுங்கள். ஐந்தாம் வகுப்புக் குழந்தை ‘ரம்’ என்று உடனே சொல்லிவிடும். உங்கள் பேத்தி தடுமாறினால் சிக்கல் கண்ணில் இல்லை, ஒலியைப் பிரித்தறிவதில் இருக்கிறது என்பதற்கு அது ஓர் அடையாளம். இதனால்தான் நிறக் கண்ணாடியும் கண் பயிற்சியும் இதற்குப் பயன்படுவதில்லை.

பயன்படுவது பொறுமையான, படிப்படியான கற்பித்தல். சிறப்பாசிரியர் ஒருவரின் வழிகாட்டுதலில், ஒலியிலிருந்து எழுத்துக்கும், எழுத்திலிருந்து அசைக்கும், அசையிலிருந்து சொல்லுக்கும் போக வேண்டும். குறிலுக்கு ஒரு தட்டு, நெடிலுக்கு இரண்டு தட்டு என்று கையால் தட்டிச் சொல்லிக்கொண்டே மணலில் எழுதச் செய்யலாம். நாள்தோறும் இருபது, முப்பது நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார வைத்துத் திட்டுவதால் வெறுப்புதான் மிஞ்சும். அறிவியலும் சமூக அறிவியலும் வாசிப்பைக் காரணம் காட்டி நின்றுவிடக் கூடாது. அவற்றை நீங்களோ அவளுடைய அம்மாவோ படித்துக் காட்டுங்கள், அவள் கேட்டுப் புரிந்துகொள்ளட்டும்.

சான்றிதழுக்கு வருவோம். பாடம் சொல்லித்தரச் சான்றிதழ் தேவையில்லை. தேர்வுச் சலுகைக்குத்தான் தேவை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்டிருக்கும் 21 குறைபாடுகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு ஆகியவற்றை அச்சட்டத்தின் 17-ஆம் பிரிவு பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் இத்தகைய மாணவர்களுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக வழங்கப்படுகிறது. 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி 8 வயது நிறைந்த பிறகே இதற்குச் சான்று தருவார்கள். 14 வயதிலும் 18 வயதிலும் மீண்டும் சோதிப்பார்கள். முதலில் கண், காது; பிறகு அறிவுத்திறன் சோதனை; அதன்பின் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் உருவாக்கிய கற்றல் குறைபாட்டுச் சோதனைத் தொகுப்பு என்பது வரிசை. இதே சட்டப் பட்டியலில் ஏடிஎச்டி தனியாக இடம்பெறவில்லை என்பதைப் பல்லடத்துச் சகோதரியும் கவனிக்க வேண்டும். ஆனால் கவனக்குறைவும் கற்றல் குறைபாடும் ஒரே குழந்தையிடம் சேர்ந்து வருவது மிகச் சாதாரணம் என்பதால், ஒன்றைப் பார்க்கும்போது மற்றதையும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

கல்யாணத்தைப் பற்றி என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். அந்தச் சான்றிதழ் வீட்டு வாசலில் மாட்டி வைப்பதற்கு அல்ல. நீங்கள் எங்கே விண்ணப்பிக்கிறீர்களோ அங்கே மட்டும் காட்டுவதற்கு. இன்னும் முகமே தெரியாத ஒரு சம்பந்தி வீட்டாருக்குப் பயந்து, ஐந்தாம் வகுப்பில் தினமும் சோம்பேறி என்ற பட்டத்தைக் கேட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது நியாயமாகத் தெரியவில்லை. பத்தாம் வகுப்பில் தோற்றுப் படிப்பை நிறுத்திய பெண்ணைவிட, ஒரு மணி நேரம் கூடுதலாக வாங்கித் தேறிய பெண்ணின் நிலைதான் எந்தச் சபையிலும் மேல்.

கேள்வி (திருப்பூர், பனியன் கம்பெனியில் பணிபுரியும் தந்தை): ஒன்பது வயது மகனுக்கு ஏடிஎச்டி என்று உறுதி செய்து, மெத்தில்பெனிடேட் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இணையத்தில் பார்த்தால் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வரும் மருந்து என்று இருக்கிறது. பையன் அடிமையாகிவிடுவானோ என்று மாத்திரையை இன்னும் தொடங்கவில்லை. தொடங்கினாலும் மருந்து ஒன்றே போதுமா?

பதில்: கட்டுப்படுத்தப்பட்ட மருந்து என்பது உண்மை, அதனால்தான் உரிய மருத்துவரின் சீட்டில்லாமல் கிடைப்பதில்லை. ஆனால் 1944-இல் முதன்முதலாகத் தயாரிக்கப்பட்டு, பல பத்தாண்டுகளாகக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்க்கப்பட்ட மருந்து அது. இந்தக் குறைபாடு உள்ள குழந்தை, மருத்துவர் சொன்ன அளவில், வாய்வழியாக எடுத்துக்கொள்ளும்போது அடிமையாவதில்லை. குறைபாடே இல்லாத ஒருவர், மிகுந்த அளவில் எடுப்பதுதான் ஆபத்து; எனவே மாத்திரைப் பெட்டி உங்கள் பீரோவில் இருக்கட்டும், பையனின் பள்ளிப் பையில் வேண்டாம்.

நீங்கள் உண்மையில் கவனிக்க வேண்டியவை வேறு. பசி குறையும், ஆகவே காலை உணவை முடித்த பிறகு மாத்திரையைக் கொடுத்து, இரவு மருந்தின் வேகம் தணிந்ததும் வயிறாரச் சாப்பிட வையுங்கள். மாலையில் தாமதித்துக் கொடுத்தால் தூக்கம் கெடும். சில மாதங்களுக்கு ஒருமுறை உயரம், எடை, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் நான்கையும் பார்க்க வேண்டும். குடும்பத்தில் யாராவது இளவயதில் இதய நோயால் திடீரென இறந்திருந்தால், தொடங்குவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். இது ஒத்துக்கொள்ளாத குழந்தைகளுக்கு அடமாக்செடின் போன்ற வேறு வகை மருந்துகள் உண்டு. அவை பலன் காட்டச் சில வாரம் ஆகும்.

மருந்து ஒன்றே போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவில் 579 குழந்தைகளை 14 மாதங்கள் தொடர்ந்து 1999-இல் வெளியான பெரிய ஆய்வில், கவனச்சிதறலையும் துறுதுறுப்பையும் குறைப்பதில் நடத்தைப் பயிற்சியை மட்டும் பெற்றவர்களைவிட, கவனமாக அளவிட்டு மருந்து பெற்றவர்கள் மேலாக இருந்தனர். மருந்தும் பயிற்சியும் சேர்த்துப் பெற்றவர்களுக்குக் குறைந்த அளவு மருந்தே போதுமானதாக இருந்தது. ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தை என்றால் பெற்றோர் பயிற்சியைத்தான் முதலில் சொல்வார்கள். உங்கள் மகனுக்கு ஒன்பது. மாத்திரை அவனை உட்கார வைக்கும். உட்கார்ந்த பிறகு பாடத்தை அவனுக்குப் புரியும்படி சொல்லித்தர ஓர் ஆள் வேண்டும். ஓவர்டைம் முடித்து இரவு பத்து மணிக்கு வரும் உங்களால் அது முடியாது என்பதை நான் அறிவேன். அவனுடைய அம்மாவோ, அக்கம்பக்கத்தில் கல்லூரியில் படிக்கும் பிள்ளை ஒருவரோ அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ள முடியுமா என்று பாருங்கள்.

கேள்வி (உடுமலைப்பேட்டையிலிருந்து ஒரு தாய்): பதினைந்து வயது மகனை, மார்க் வரும் என்று நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்தோம். நன்றாகப் படித்த பையன். நான்கு மாதமாகத் தலைவலி, வயிற்றுவலி என்கிறான். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. எரிந்து எரிந்து விழுகிறான், இரவில் தூங்குவதில்லை, கிரிக்கெட் பார்ப்பதைக்கூட விட்டுவிட்டான். வார்டன் ‘நடிக்கிறான்’ என்கிறார். போன வாரம் தொலைபேசியில், “நான் இல்லாமப் போனா உங்களுக்குச் செலவு மிச்சம்” என்றான். இவனுக்கும் கவனக்குறைவு இருக்குமா?

பதில்: சகோதரி, இந்தக் கடிதத்துக்கு நான் இதழ் அச்சாகும் வரை காத்திராமல் நேரிலேயே பதில் அனுப்பிவிட்டேன். இங்கே எழுதுவது இதே நிலையில் உள்ள மற்றப் பெற்றோருக்காக.

இது கவனக்குறைவு அல்ல. சிறு வயதில் இல்லாமல் பதினைந்தில் புதிதாகத் தொடங்கும் கவனச் சிதறலுக்குப் பின்னால் பெரும்பாலும் மனச்சோர்வோ, பதற்றமோ, தூக்கக்கேடோ, யாரிடமும் சொல்ல முடியாத ஒரு தொல்லையோ இருக்கும். பெரியவர்களின் மனச்சோர்வில் அழுகையும் வாட்டமும் முன்னே நிற்கும். பிள்ளைகளின் மனச்சோர்வில் எரிச்சலும், உடல்வலியும், பிடித்த விளையாட்டைக் கைவிடுவதும் முன்னே நிற்கும். அந்த வலி நடிப்பில்லை, ஸ்கேனில் தெரிவதும் இல்லை. விடுதியில் யாராவது அவனை அடிக்கிறார்களா, கேலி செய்கிறார்களா, தகாத முறையில் தொடுகிறார்களா என்பதையும் பதறாமல், குற்றம் சாட்டாமல் கேட்க வேண்டும். பள்ளிகளில் உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடை செய்திருக்கிறது. உங்கள் மகன் அச்சட்டத்தின் வயது வரம்பைக் கடந்துவிட்டான் என்பதால் அவனை அடிக்கலாம் என்று ஆகிவிடாது.

“நான் இல்லாமப் போனா” என்ற சொல்லை மிரட்டல் என்றோ வாய்ப்பேச்சு என்றோ விட்டுவிடக் கூடாது. அன்றே போய் அழைத்து வந்துவிட வேண்டும். “சாகணும்னு நெனப்பு வருதா சாமி?” என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைப்பதில்லை, இருக்கிற எண்ணத்தைச் சொல்ல அவனுக்கு ஒரு வழி கிடைக்கிறது. ஆமாம் என்றால் அவனைத் தனியே விடாதீர்கள். தோட்டத்து வீடாக இருந்தால் பயிருக்கு அடிக்கும் மருந்தையும், வீட்டிலுள்ள மாத்திரைகளையும் அவன் கைக்கு எட்டாமல் பூட்டிவிட்டு, அன்றைக்கே மனநல மருத்துவரிடமோ அரசு மருத்துவமனைக்கோ அழைத்துச் செல்லுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416-இல் எந்த நேரமும் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். பிள்ளைகள் தாங்களே அழைக்க 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. ஒரு வருடப் படிப்பு போனால் அடுத்த வருடம் எழுதிக்கொள்ளலாம். கட்டிய கட்டணம் திரும்ப வராதே என்று இரண்டு பெற்றோர் என்னிடம் வாதாடியிருக்கிறார்கள்; இருவரையும் அன்று நான் கடிந்துதான் பேசினேன்.

கேள்வி (திருப்பூர், அரசுத் தொடக்கப்பள்ளி ஆசிரியை): என் வகுப்பில் பீகார், ஒடிசா குடும்பத்துப் பிள்ளைகள் எட்டுப் பேர் இருக்கிறார்கள். எழுத்து கூட்டவே சிரமப்படுகிறார்கள். வீட்டில் கன்னடம் பேசும் நெசவாளர் பிள்ளைகள் சிலரும் பின்தங்குகிறார்கள். இவர்களில் யாருக்குக் கற்றல் குறைபாடு, யாருக்கு மொழிச் சிக்கல் என்று எப்படிப் பிரிப்பது? தனித்தனியாகப் பார்க்க நேரமும் இல்லை.

பதில்: வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என்பதால் கற்றல் குறைபாடு உண்டாவதில்லை. புதிய மொழியில் பேச்சு ஓரிரு ஆண்டில் வந்துவிடும். பாடப்புத்தக மொழி கைவர அதைவிடப் பல ஆண்டுகள் கூடுதலாகும். ஆகவே ஆடுகளத்தில் சரளமாகத் தமிழ் பேசும் பீகார்ப் பையன் பாடத்தில் திணறுவதைக் கண்டு அவசரப்பட வேண்டியதில்லை. கன்னடம் பேசும் வீட்டுக் குழந்தைகள் பிறந்தது முதலே தமிழைக் காதில் கேட்டு வளர்பவர்கள். மூன்றாம் வகுப்புக்குப் பிறகும் அவர்கள் எழுத்து கூட்டத் திணறினால் மொழியைக் காரணம் காட்டி விட்டுவிடாதீர்கள்.

பிரித்தறிய ஒரு வழி, குழந்தையை அதே நிலையில் உள்ள குழந்தையோடு ஒப்பிடுவது. ஒரே ஆண்டில் சேர்ந்த, அதே மொழி பேசும் எட்டுப் பேரில் ஏழு பேர் மெதுவாகவேனும் முன்னேறி, ஒருவன் மட்டும் அப்படியே நின்றால் அவனைத்தான் பார்க்க வேண்டும். இன்னொன்று, தாய்மொழியில் அவன் எப்படி என்று பெற்றோரிடம் கேட்பது: பேச்சு தாமதமாக வந்ததா, கதையை வரிசையாகச் சொல்கிறானா, கடைக்குப் போய் மூன்று பொருளை மறக்காமல் வாங்கி வருகிறானா? பெற்றோருக்குத் தமிழ் தெரியாவிட்டால் அதே வரிசை வீட்டில் குடியிருக்கும், தமிழ் பழகிய ஒருவரைக் கூட அழைத்துக்கொள்ளுங்கள். குழந்தையையே மொழிபெயர்ப்பாளனாக வைத்து அவனைப் பற்றியே கேட்காதீர்கள்.

நேரம் இல்லை என்பது நியாயமான குறை. நாற்பது பிள்ளைகளோடு, எமிஸ் என்ற கல்வித்துறை இணையத் தளத்துக்கான பதிவேற்றங்களும் உங்கள் தலையில்தான் இருக்கின்றன. மதிப்பீடு உங்கள் வேலை அன்று. ஒன்றியத்திலுள்ள வட்டார வள மையத்தில் உள்ளடங்கிய கல்விக்கான (எல்லாக் குழந்தைகளையும் ஒரே வகுப்பில் சேர்த்துக் கற்பிப்பது) சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். தலைமையாசிரியர் வழியாக அவர்களை எழுத்து மூலம் அழையுங்கள், வாய்மொழியாகச் சொன்னால் நினைவில் நிற்பதில்லை. அவர்கள் வருவதற்குள் நீங்கள் செய்யக்கூடியது, சந்தேகப்படும் குழந்தையின் எழுத்து வேலையைத் திருத்தாமல், தேதியிட்டு, வாரத்துக்கு ஒரு பக்கமாக ஒரே நோட்டில் சேர்த்து வைப்பது. அதனுடன் அவன் எதில் நன்றாக இருக்கிறான் என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். பெற்றோர் மருத்துவமனைக்குப் போகும் நாளில் அந்த நோட்டையே கொடுத்தனுப்பினால், எங்களைப் போன்றோர் முதல் சந்திப்பில் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு அதிலேயே பதில் கிடைத்துவிடும்.